சித்த மருத்துவருக்குத் தென்னாப்பிரிக்காவில் பதிவு: மாகாண சட்டமன்றத்தில் மனு கொடுத்தால் போதுமா?

சாட்ஸ்வொர்த் செல்வி:
வணக்கம். பாளையங்கோட்டையில் பி.எஸ்.எம்.எஸ். (சித்த மருத்துவப் பட்டம்) முடித்த ஒருவர் டர்பனில் சிகிச்சை மையம் தொடங்க விரும்புகிறார். இங்கே ஆயுர்வேதத்துக்கும் யுனானிக்கும் பதிவு உண்டு, சித்தத்துக்கு இல்லை. அடுத்த சுகாதார மசோதா குவாசுலு-நடால் மாகாண சட்டமன்றத்தின் பொது விசாரணைக்கு வரும்போது கையெழுத்துத் திரட்டிக் கொடுத்துவிடலாம் என்று எங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அது பிரிட்டோரியாவில், தேசிய அளவில் நடக்க வேண்டிய வேலை என்கிறார்கள் வேறு சிலர். எங்கே போவது, என்ன எழுதுவது?

நடால் நீதி:
செல்வி அக்கா, பிரிட்டோரியா என்பவர்கள் சொல்வதுதான் உங்கள் விஷயத்துக்குப் பொருந்தும்.

1982ஆம் ஆண்டின் 63ஆம் எண் சட்டத்தின் கீழ் இத்தகைய மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்யும் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில் இயங்குகிறது. அதன் பதிவேட்டில் இருப்பவை ஆயுர்வேதம், சீன மருத்துவமும் அக்குபங்சரும், கைரோபிராக்டிக், ஹோமியோபதி, இயற்கை மருத்துவம், ஆஸ்டியோபதி, மூலிகை மருத்துவம், அரோமாதெரபி, மசாஜ் தெரபி, ரிஃப்ளெக்ஸாலஜி, யுனானி-திப் ஆகிய 11 தொழில்கள். 2007ஆம் ஆண்டின் 22ஆம் எண் பாரம்பரிய மருத்துவர் சட்டத்திலும் சித்தத்துக்கு இடமில்லை. அது 'பாரம்பரியம்' என்பதை ஆப்பிரிக்க மண்ணின் மரபு என்று வரையறுக்கிறது. நம் வைத்தியம் எவ்வளவு பழையதானாலும் அந்த வரையறைக்குள் வராது.

ஆயுர்வேதம் என்று எழுதி விண்ணப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்தியாவே இரண்டுக்கும் தனித்தனிப் பட்டம் தருகிறது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு நேர்மையான விண்ணப்பத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

1982 சட்டத்தின் வரையறை பெயர் சொன்ன தொழில்களோடு நின்றுவிடவில்லை. 16(1) பிரிவில் வரும் வேறு தொழில்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கோரிக்கை முதலில் கவுன்சிலுக்குப் போக வேண்டும், பிறகு சுகாதார அமைச்சருக்கு. அந்தக் கோப்பில் சித்தத்தின் பெருமையை நான்கு பக்கம் எழுதுவதை விட இவை இருப்பது முக்கியம்: சித்த மருத்துவர் என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யக்கூடாது என்ற எல்லை, ஐந்தரை ஆண்டுப் படிப்பின் பாடவாரியான மணிநேரம், வெளிநாட்டுப் பட்டத்துக்கு சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) தரும் மதிப்பீடு, இங்கே யார் தேர்வு நடத்துவார், புகார் வந்தால் யார் விசாரிப்பார் என்ற ஏற்பாடு. தேர்வு யார் நடத்துவார் என்பதில்தான் பெரும்பாலும் ஓட்டை விழும். ஹோமியோபதிக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, யுனானி-திப்பை வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம் கற்பித்தது. சித்தத்துக்கு இந்த நாட்டில் அப்படி ஒரு கல்வி நிறுவனம் இல்லை. ஒரு பல்கலைக்கழகத் துறையாவது கூட நிற்க வேண்டும்.

மாரிட்ஸ்பர்க் மணி:
நீதி சொன்னது சரி. ஆனால் அந்த 1982 சட்டத்தையே திருத்தும் மசோதா வந்தால் மாகாணத்துக்கு வேலை உண்டு. சுகாதாரச் சேவை அரசியலமைப்பின் 4ஆம் அட்டவணையில், அதாவது தேசமும் மாகாணமும் சேர்ந்து சட்டமியற்றும் துறைகளின் பட்டியலில் இருக்கிறது. எனவே இப்படிப்பட்ட மசோதா பொதுவாக 76ஆம் பிரிவு வழியில் போகும்: தேசிய சட்டமன்றம், பிறகு மாகாணங்களின் தேசிய மன்றம், அங்கிருந்து ஒன்பது மாகாண சட்டமன்றங்களுக்கு. ஒரு மாகாணத்துக்கு ஒரே வாக்கு, ஐந்து வந்தால் நிறைவேறும். தேசிய சுகாதாரக் காப்பீட்டு மசோதா 2023 டிசம்பர் 6 அன்று எட்டு மாகாணங்களின் ஆதரவோடு நிறைவேறியது. வெஸ்டர்ன் கேப் மட்டும் எதிர்த்தது.

சங்கங்கள் தவறவிடுவது நேரத்தைத்தான். மாகாணக் குழு விசாரணை நடத்தியபின், மாகாணங்களின் தேசிய மன்றத்துக்குப் போகும் தன் பிரதிநிதிகளுக்கு முதலில் 'பேச்சுவார்த்தை ஆணை' தரும். திருத்தங்கள் போவது அதில்தான். அதன் பிறகு வரும் 'இறுதி ஆணை' மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் சொல்லும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு நல்ல வாசகம் கொடுத்தாலும் செருக இடமில்லை. இடைவெளி சில வாரங்கள்தான் இருக்கும். மசோதா தேசிய சட்டமன்றத்தில் இருக்கும்போதே வாசகத்தைத் தயார் செய்துவிடுங்கள்.

விசாரணையை ஒப்புக்கு நடத்தினால் சட்டமே விழும். 118ஆம் பிரிவு மாகாண சட்டமன்றத்தின் மேல் பொதுமக்கள் பங்கேற்புக் கடமையை வைக்கிறது. 2006 ஆகஸ்ட்டில் 'டாக்டர்ஸ் ஃபார் லைஃப்' வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தக் குறைக்காகவே இரண்டு சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. அதில் ஒன்று பழைய பாரம்பரிய மருத்துவர் சட்டம். அதனால்தான் அது 2007இல் திரும்ப இயற்றப்பட்டது. நீங்கள் கொடுத்த மனுவுக்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

சாட்ஸ்வொர்த் செல்வி:
மிக்க நன்றி. மனுவைத் தமிழில் கொடுக்கலாமா? ஆயிரக்கணக்கில் கையெழுத்து இருந்தால் வலு கூடுமா?

மாரிட்ஸ்பர்க் மணி:
அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கச் சொல்கிறது, ஆனால் ஆட்சிமொழி ஆக்கவில்லை. மனு ஆங்கிலத்திலோ சுலுவிலோ இருக்கட்டும். பெரியவர்கள் நேரில் தமிழில் பேச வேண்டுமானால் குழுச் செயலரிடம் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

கையெழுத்து ஆதரவைக் காட்டும், அவ்வளவே. குழு உறுப்பினர் கையில் பயன்படுவது வாசகம். எந்த உட்பிரிவு, இப்போது என்ன இருக்கிறது, 'யுனானி-திப்' என்பதற்குப் பக்கத்தில் எந்தச் சொல் சேர வேண்டும், ஏன் என்று இரண்டு வரி. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். கையெழுத்துத் தாள்களைப் பின்னிணைப்பாகக் கட்டுங்கள்.

மருந்துக்கடை மாலா:
பதிவு கிடைத்தாலும் மருந்துக்குத் தனி உரிமம் உண்டு. 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டப்படி, மருந்தைத் தானே கலந்து நோயாளிக்குக் கொடுக்க 22-சி(1)(ஏ) உரிமம், இறக்குமதிக்கும் தயாரிப்புக்கும் சாஃப்ரா (மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம்) தரும் 22-சி(1)(பி) உரிமம். உரிமம் இல்லாமல் சூரணப் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து விற்கக் கூடாது.

பாதரசம், கந்தகம், பாஷாணம் (ஆர்செனிக் போன்ற நச்சுத் தாது) சேர்ந்த பற்பம், செந்தூரப் பொடிகளை முதல் கோரிக்கையில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாதரசமும் ஆர்செனிக்கும் இருக்கிறது என்றால் மற்ற எல்லாப் பேச்சும் அங்கேயே நின்றுவிடும். மூலிகை மருந்துகளோடு தொடங்கி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும் கன உலோகப் பரிசோதனைச் சான்று வையுங்கள்.

நடால் நீதி:
ஒன்று விட்டுப்போயிற்று. கோப்பு நகரும் வரை அவர் நாடி பார்த்து நோய் சொல்லக் கூடாது, பணம் வாங்கிச் சிகிச்சை தரக் கூடாது, பலகையில் 'டாக்டர்' என்று போடக் கூடாது. தொக்கணம் வெறும் எண்ணெய்த் தேய்ப்புதானே என்று நினைக்க வேண்டாம், சிகிச்சையாகச் செய்தால் மசாஜ் தெரபி பதிவேட்டின் எல்லைக்குள் வந்துவிடும். கோயில் மண்டபத்தில் சித்தம் பற்றி வகுப்பு எடுக்கலாம். வகுப்பு முடிந்ததும் தனியாக உட்கார்ந்து மருந்து எழுதித் தரக் கூடாது.