டிஸ்க் கோல்ஃப்: கூடைக்கு 20 முதல் 40 மீட்டர் தூரத்தில் எறிவது எப்படி?

கேள்வி:
தட்டு மாதிரியான டிஸ்க்கை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழ வைக்கும் இந்த ஆட்டத்தில் நான் வலது கை, பேக்ஹேண்ட் (கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறிவது). டீயிலிருந்து (முதல் எறிதலுக்கு நிற்கும் இடம்) 70 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. கூடைக்கு 25–35 மீட்டர் மிச்சம் இருக்கும்போதுதான் சிக்கல். ஒன்று கூடையைத் தாண்டி 15 மீட்டர் போய் விழுகிறது, இல்லையென்றால் பாதி வழியிலேயே இடது பக்கம் சரிகிறது. மெதுவாக எறிந்து பார்த்தால் இன்னும் மோசம். கவனித்தவர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1:
மெதுவாக எறிவதுதான் நோயே. டிஸ்க்கை நேராகப் பறக்க வைப்பது அதன் சுழற்சி. கையை மெதுவாக இழுத்தால் வேகத்தோடு சுழற்சியும் குறைகிறது. டிஸ்க் ஆடிக்கொண்டே போய், வர வேண்டிய இடத்துக்கு முன்பே இடது பக்கம் சாய்கிறது. இன்னொன்று, விடும் நேரத்தில் "அடடா, அதிகமாகிவிட்டது" என்று கை பின்வாங்கும். புதியவர்களில் பெரும்பாலானவர்களிடம் இதைப் பார்க்கலாம். பிடி அந்த இடத்தில் தளர்ந்து டிஸ்க் முன்கூட்டியே நழுவுவதால் அதுவும் இடது பக்கமே போகும்.

தூரத்தைக் கையின் வேகத்தால் குறைக்காதீர்கள், டிஸ்க்கைப் பின்னால் கொண்டுபோகும் அளவால் குறையுங்கள். ஏறக்குறைய இப்படி: 20 மீட்டருக்கு டிஸ்க் இடது பாக்கெட் வரை போனால் போதும், முழங்கை மடங்கியே இருக்கும். 30 மீட்டருக்கு இடது இடுப்பைத் தாண்டி ஒரு சாண். 40 மீட்டருக்குக் கை கிட்டத்தட்ட நீளும், ஆனால் விறைக்காது. மூன்றிலும் விடும் கட்டம் ஒன்றுதான்: டிஸ்க் நெஞ்சின் கீழ்ப்பகுதியை ஒட்டி நேர்கோட்டில் வர வேண்டும், வரவர வேகம் கூட வேண்டும், விட்ட பிறகும் கை முன்னால் ஓடி முடிய வேண்டும். பின்னால் போவது சிறியது, முன்னால் முடிவது பெரியது.

ஓடிவந்து எறிய வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே இந்தத் தூரம் வரும். கால்கள் தோள் அகலம், வலது கால் முன்னால், எடை முதலில் இடது காலில். டிஸ்க் முன்னால் வரத் தொடங்கும் முன்பே எடை வலது காலுக்கு மாறியிருக்க வேண்டும். பலருக்கு டிஸ்க் போன பிறகுதான் எடை மாறுகிறது. அப்போது எறிவது வெறும் கை மட்டுமே, அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தூரம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் "பாதி வழியில் இடது பக்கம்" என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, என் கணக்கில் அதுதான் முதல் சந்தேகம்: நோஸ் தூக்கியிருப்பது. டிஸ்க்கின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்து இருந்தால் அது முன்னால் போகாமல் மேலே ஏறும், வேகம் செத்து நிற்கும், பிறகு இடது பக்கம் கீழே விழும். எதிர்க்காற்று இருந்தால் இது இரண்டு மடங்கு தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. எறிபவரின் நேர் பின்னால் நின்று பாருங்கள், அல்லது கைபேசியை ஒரு பையின் மேல் சாய்த்து ஸ்லோமோஷனில் எடுங்கள். கண் உயரத்தில் போகும் டிஸ்க்கின் மேல்தட்டும் அதில் அச்சடித்த படமும் தெரிந்தால் நோஸ் தூக்கியிருக்கிறது. மெல்லிய கோடாகத் தெரிந்தால் சரி.

காரணம் பெரும்பாலும் கட்டைவிரல். அதை டிஸ்க்கின் நடுப்பக்கம் நீட்டி வைத்தால் முன்விளிம்பு தானாகத் தூக்கும். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வைத்து அழுத்துங்கள். மணிக்கட்டைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், சாவியைப் பூட்டில் திருப்பத் தொடங்கும்போது மணிக்கட்டு இருக்கிற மாதிரி. உடம்பைப் பின்னால் சாய்ப்பதும் நோஸைத் தூக்கும். கூடையின் மேல் டிஸ்க்கை "ஏற்ற" வேண்டும் என்ற நினைப்பில் தோள் தானாகப் பின்னால் போய்விடும். 30 மீட்டருக்கு உச்சி உயரம் இரண்டரை, மூன்று மீட்டர் போதும்.

பிடி பற்றி: டிரைவரை (நெடுந்தூரம் எறியும் டிஸ்க்) பிடிப்பது போல நான்கு விரலையும் விளிம்புக்குள் மடக்க வேண்டாம். ஆள்காட்டி விரல் விளிம்போடு, மற்ற மூன்றும் அடித்தட்டில் விரிந்து இருக்கட்டும். இந்த விசிறிப் பிடியில் பலம் குறைவு, திசை அதிகம். இங்கே நமக்கு வேண்டியது திசைதான். எறிவது அடிக்கடி வலது பக்கம் போனால் டிஸ்க்கைத் தாமதமாக விடுகிறீர்கள் என்று பொருள், அதாவது பிடி இறுக்கம்.

பதில் 3:
டிஸ்க் விஷயத்துக்கு வரேன். பையில இருக்கிற டிரைவரை எடுத்து 30 மீட்டர் எறியாதீங்க. அகல விளிம்பு டிஸ்க்குக்கு வேகம் வேணும், வேகம் இல்லாட்டி உடனே இடது பக்கம் வெட்டிரும். தரையில பட்டா சறுக்கிட்டுப் போயிரும்.

டிஸ்க்குக்குப் போட்டிருக்கிற நாலு எண்ணுல முதல் எண் வேகம், ரெண்டாவது மிதப்பு, மூணாவது வேகமா போகும்போது வலது பக்கம் திரும்பறது, நாலாவது கடைசியில இடது பக்கம் சாயறது (வலது கை பேக்ஹேண்டுக்கு). இன்னோவா ஏவியார் 2/3/0/1. நேரா போகும், நல்லா மிதக்கும், கொஞ்சம் கூட எறிஞ்சா தாண்டிரும். காஸ்டாப்ளாஸ்ட் பெர்க் 1/1/0/2. மிதப்பே கிடையாது, சொன்ன இடத்துல பொத்துன்னு விழும். "தாண்டி 15 மீட்டர்"ங்கறவங்களுக்கு இது மருந்து மாதிரி. டிஸ்க்ராஃப்ட் ஸோன் 4/3/0/3. காத்து அடிக்கிற நாளைக்கும் ஃபோர்ஹேண்டுக்கும் (உள்ளங்கையை மேல பாத்த மாதிரி வச்சு பக்கவாட்டுல எறியறது) நல்லது, ஆனா கையில வேகம் இல்லாதவங்க அதுலயே ஆரம்பிச்சா எல்லாமே இடது பக்கம் போகும், தப்பு எங்கேன்னே தெரியாது.

எனக்குக் கேட்டா: ஒரே மாடல், ஒரே பிளாஸ்டிக், 170 கிராமுக்கு மேல, மூணு டிஸ்க். விலை கம்மியான சாதா பிளாஸ்டிக்கே வாங்குங்க. கையில பிடிக்கும், தரையில பட்டதும் நின்னுரும். பளபளன்னு இருக்கிற விலை கூடின பிளாஸ்டிக் கெட்டித் தரையில வழுக்கிட்டே போகும். ஈரத்துல எந்த டிஸ்க்கும் நழுவும், பையில துண்டு இல்லாம போகாதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கூடைக்குப் பக்கத்தில் விழுந்தும் உருண்டு போய்விடுகிறதே, அதற்கு? காற்றுக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 4:
உருள்வதற்குக் காரணம் சாய்வு. டிஸ்க்கின் சாய்வும் தரையின் சாய்வும் ஒத்துப்போனால் சறுக்கி நின்றுவிடும். ஒத்துப்போகாமல் விளிம்பு குத்தினால் எழுந்து நின்று ஓடும். சமதரையில் செங்குத்தான ஹைசராக, அதாவது இடது விளிம்பை நன்றாகத் தாழ்த்தி எறிந்தால் இதுதான் நடக்கும். லேசான ஹைசர் போதும். கெட்டித் தரையில் அதுவும் இடது பக்கம் ஸ்கிப் ஆகும் (தரையில் பட்டுத் துள்ளும்), அதனால் கூடைக்கு இரண்டு மூன்று மீட்டர் வலது பக்கம் குறி வையுங்கள். நிலம் இடது பக்கம் ஏறியிருந்தால் ஹைசரே வேண்டாம், தட்டையாக விடுங்கள். இடது பக்கம் இறங்கியிருந்தால் ஹைசர் பொருந்தும், ஆனால் சறுக்கல் அதிகம்.

சரிவில் நிற்கும் கூடைக்கு எப்போதும் கீழ்ப்பக்கம் விடப் பாருங்கள். மேலிருந்து கீழே போடும் பட் (கூடைக்குள் போடும் கடைசி எறிதல்) தவறினால் காற்றில் மிதந்து வெகுதூரம் போய்விடும். கீழிருந்து போட்டால் மேடு தடுத்துவிடும்.

காற்று: எதிர்க்காற்று டிஸ்க்கைத் தூக்கும், வலது பக்கம் திருப்பவும் பார்க்கும். தாழ எறியுங்கள், நாலாவது எண் அதிகமுள்ள டிஸ்க் எடுங்கள். பின்காற்று டிஸ்க்கை அமுக்கும், இடது பக்கம் சீக்கிரம் விழும், சற்று உயரம் கொடுங்கள். பக்கக்காற்றில் டிஸ்க்கின் அடித்தட்டைக் காற்றுக்குக் காட்டாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. ஒவ்வோர் அப்ரோச்சையும் (கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் எறிதல்) சங்கிலியில் அடிக்கப் பார்ப்பவர்கள்தான் தாண்டி 15 மீட்டர் போகிறார்கள். 2021இல் யூட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியில் ஜேம்ஸ் கான்ராட் கடைசியான 18ஆவது கூடையில் சுமார் 75 மீட்டரிலிருந்து நேராகப் போட்டதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பால் மெக்பெத்தைவிட ஓர் எறிதல் பின்தங்கியிருந்தார், போட்டே ஆக வேண்டிய நிலை. சமன் செய்து, கூடுதல் ஆட்டத்தில் வென்றார். நமக்கு அந்த நெருக்கடி இல்லை. கூடையைச் சுற்றி 5 மீட்டர் வட்டத்துக்குள் எங்கே விழுந்தாலும் அது நல்ல அப்ரோச்.

பதில் 5:
விதி தெரியாமல் வீணாகத் தவிப்பவர்களுக்கு. விழுந்த டிஸ்க்கின் முன்னால், கூடையின் பக்கம் மினியை (இடத்தைக் குறிக்கும் சிறு டிஸ்க்) வைத்துவிட்டு டிஸ்க்கை எடுக்கிறீர்கள் என்றால், மினியின் பின்விளிம்பிலிருந்து 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், அதற்குள் விடும்போது ஒரு கால் (அல்லது முட்டி) தரையில் இருக்க வேண்டும். உடம்பின் வேறெந்தப் பகுதியும் அதைவிடக் கூடைக்கு அருகில் தரையைத் தொடக்கூடாது. விட்ட பிறகு முன்னால் காலை வைக்கலாமா? 10 மீட்டருக்கு வெளியே தாராளமாக. 10 மீட்டருக்குள் என்றால் சமநிலை காட்டிய பிறகுதான் நகரலாம், இல்லையென்றால் ஒரு பெனால்டி. ஆகவே 30 மீட்டரில் எடையை முன்காலுக்கு மாற்றி ஓரடி எடுத்து வைப்பதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

மரம் மறைத்தால் ஒரு காலை அந்த இடத்தில் ஊன்றி, மற்றதைப் பக்கவாட்டில் எவ்வளவு தூரமும் விரிக்கலாம். தாழ்ந்த கிளை என்றால் முட்டி போட்டு எறியுங்கள். முட்டி போடும்போது இடுப்பு வேலை செய்யாது, 20 மீட்டருக்கு 30 மீட்டருக்கான கை வேண்டியிருக்கும்.

பதில் 6:
இடது பக்கம் மரம் அடைத்திருந்தால் ஃபோர்ஹேண்ட். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் சேர்த்து விளிம்பின் உட்பக்கம் அழுத்தி, கட்டைவிரல் மேலே. முழங்கை இடுப்பை ஒட்டி, உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி. விட்ட பிறகும் உள்ளங்கை வானத்தையே பார்க்க வேண்டும். கடைசியில் கையைக் கவிழ்த்தால் டிஸ்க் படபடவென்று ஆடும், இடது பக்கம் திரும்பிவிடும். குறுந்தூரத்தில் தோள் தேவையில்லை, மணிக்கட்டும் முன்கையும் போதும். ஸோன் மாதிரி டிஸ்க் இங்கேதான் உதவும், கடைசியில் வலது பக்கம் சாயும்.

பதில் 7:
பயிற்சிக்குக் கூடை வேண்டாம். இருந்தால் கண் சங்கிலிக்குத்தான் போகும். புல்தரையில் ஒரு துண்டை விரித்து 15, 20, 25, 30, 35 மீட்டரில் அடையாளம் வையுங்கள். அமெரிக்க மைதானப் பலகைகள் அடியில் எழுதியிருக்கும், 100 அடி என்றால் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் சாதாரண நடையில் 30 மீட்டருக்கு எத்தனை காலடி வைக்கிறீர்கள் என்று எண்ணி வையுங்கள், ஆட்டத்தில் அதுதான் அளவுகோல்.

ஒரு தூரத்தில் ஐந்து எறிந்துவிட்டு அடுத்த தூரத்துக்கு நகருங்கள். ஒரே இடத்தில் ஐம்பது எறிவதில் பலனில்லை, ஆட்டத்தில் ஒரே தூரம் இரண்டு முறை வராது. ஒவ்வொன்றும் துண்டுக்கு முன்னாலா, பின்னாலா, இடதா, வலதா என்று மட்டும் குறியுங்கள். முன்னும் பின்னுமாகச் சிதறினால் பின்னால் கொண்டுபோகும் அளவு மாறுகிறது, பதில் 1க்குப் போங்கள். எல்லாம் குறைவாகவும் இடது பக்கமாகவும் விழுந்தால் முதலில் நோஸைச் சந்தேகியுங்கள். எல்லாம் நேராகப் போய் ஒரே அளவு தாண்டினால் கையில் தப்பில்லை, டிஸ்க்கை மாற்றுங்கள்.