தோள்வலிக்காரனுக்கு எந்த இருகைத் தூண்டில்?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் இளவயதிலிருந்தே செயற்கை ஈ கட்டிச் சால்மன் பிடித்துவருகிறேன். (கடலிலிருந்து ஆறு ஏறிய சால்மன் இரையே எடுக்காது, பிறகு ஏன் ஈயைக் கவ்வுகிறது என்பது அதற்கே வெளிச்சம்.)

இப்போது வலது தோள் தகராறு செய்கிறது. என்னிடம் இருப்பது 15 அடி, 10ஆம் எண் (எறியும் நூலின் கனத்தைக் குறிக்கும் எண்) இருகைத் தூண்டில். மரங்கள் முதுகை உரசும் கரைகளில், நூலைப் பின்னால் நீட்டாமல் நீர்ப்பரப்பிலேயே வளைத்து எறியும் ஸ்பே வீச்சுக்கு அது அருமையான கோல். ஆனால் மூழ்கு நுனி (நீரில் அமிழும் கனமான நூல்முனை) கட்டிய நூலை நீரிலிருந்து உருட்டி மேலே எடுக்கும் அந்த நொடியில் தோள்பட்டை சுரீர் என்கிறது. டிரவுட் மீனுக்கான சிறிய ஒற்றைக்கைத் தூண்டிலால் தொல்லை இல்லை.

13 அடி, 8ஆம் எண்ணுக்கு மாறினால் பிப்ரவரி மாத வெள்ளத்தில் கனமான மூழ்கு நுனியை அது தூக்குமா? இடக்கையை மேலே வைத்து வீசப் பழகியவர்கள் யாரேனும் உண்டா? பழைய தூண்டிலாக இருந்தாலும் சரி, பிராண்டு பெருமை வேண்டாம்.

பிப்ரவரி 11 அன்று பருவம் தொடங்குகிறது. அதற்குள் வாங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே சால்மன் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை, அன்று உங்கள் பதில்களை நிதானமாகப் படிப்பேன்.