மாடி டேங்க்கும் அழுத்தக் கணக்கும்: பெங்களூர் அனுபவங்கள்

கே.ஆர்.புரத்திலிருந்து:
எங்கள் வீடு மூன்றாவது மாடி. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் டேங்க். ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். தரைத்தளத்தில் அதே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கட்டடக் கூட்டத்தில் 2,000 லிட்டர் டேங்க் வாங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. ஒன்பதாவது படிக்கும் என் மகள், "எவ்வளவு பெரிசா வாங்கினாலும் இதே அழுத்தம்தான் அங்கிள்" என்று நோட்டை நீட்டினாள்.

திரவ அழுத்தம் என்றால் உயரம், அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல். லிட்டர் கணக்குக்கு அதில் இடமே இல்லை. எங்கள் ஷவர் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே: 2 × 1,000 × 9.8 = 19,600 பாஸ்கல். தரைத்தளக் குழாய் 11 மீட்டர் கீழே: 1,07,800 பாஸ்கல். காற்றழுத்தம் இரண்டு பக்கமும் இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கணக்கு. குழாய் வாயின் பரப்பு சுமார் 1.8 சதுர செ.மீ. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. கீழ்வீட்டுக் குழாயைக் கட்டைவிரலால் அடைக்க 19 நியூட்டன் வேண்டும், கிட்டத்தட்ட 2 கிலோவைத் தாங்குகிற பலம். எங்கள் வீட்டில் அதே அளவுக் குழாய்க்கு 360 கிராம் போதும். கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு வீட்டிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள். பிளம்பர் அண்ணன் பழைய டேங்க்கையே 2 மீட்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். ஷவரில் அழுத்தம் இரண்டு மடங்கு!

பனசங்கரியிலிருந்து:
காற்றுக்கும் இதே கணக்குதாங்க. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் மேலே. காற்றின் அடர்த்தியை 1.2 என்று வைத்து 920 × 1.2 × 9.8 போட்டால் ஏறக்குறைய 10,800 பாஸ்கல் குறைகிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி மாறும், அதனால் இது தோராயம்தான். சென்னையில் 1,01,300 என்றால் இங்கே 91,000 பக்கம். அழுத்தம் குறைவதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையிலிருந்து வந்த மாமியார், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். கணக்கைக் காட்டினேன். அப்புறம் கடைக்காரர் தப்பித்தார்.

கே.ஆர்.புரத்திலிருந்து:
குக்கரில் வைக்கச் சொல்லுங்க. வெயிட் போட்டால் உள்ளே வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல் கூடும். நம்ம ஊரிலும் கொதிநிலை 118 டிகிரி வரை போகும், பருப்பு குழைந்துவிடும்.