புதுப்பிப்பு: சூப்பர்சார்ஜர் ஜீப்பில் நாக் சத்தம், காரணம் கிடைத்துவிட்டது

மணல்மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறும்போது 3500 ஆர்பிஎம் தாண்டியதும் எஞ்சினில் நாக் சத்தம் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதால் எழும் தட்டல்) வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டைமிங்கைக் குறைக்க, அதாவது பிளக்கில் தீப்பொறி விழுவதைத் தாமதப்படுத்தச் சொன்னீர்கள். 6 டிகிரி குறைத்தேன். சத்தம் நின்றது, ஆனால் இழுவை போய்விட்டது, எக்ஸாஸ்ட் சூடும் ஏறியது. மனசு ஒப்பவில்லை.

காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, ஓடும்போது வரும் அளவுகளை லாக் (பதிவு) எடுத்தேன். பூஸ்டில் (சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் தள்ளும்போது) 11.8 இருக்க வேண்டிய விகிதம் 12.9 காட்டியது, அதாவது பெட்ரோல் போதவில்லை. எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்யூயல் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை வளைத்துப் பார்த்தால், முனையில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்! பூஸ்ட் 7 பிஎஸ்ஐ ஏறினால் எரிபொருள் அழுத்தமும் கூடவே 7 ஏற வேண்டும். ஏறாததால் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குக் கிடைத்த அழுத்த வித்தியாசம் 43-இலிருந்து 36 ஆகிவிட்டது. அதாவது பெட்ரோல் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைவு. நாக் வந்ததற்கு அதுதான் காரணம். எஞ்சின் கம்ப்யூட்டரில் உள்ள மேப் (எரிபொருள், டைமிங் அட்டவணை) சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஹோஸை மாற்றியதும் விகிதம் 11.8-க்குத் திரும்பியது. அப்புறம்தான் டைமிங்கைத் தொட்டேன். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் லாக் பார்த்து, 4 டிகிரியைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். மீதி 2 அப்படியே இருக்கட்டும். மணலில் மெதுவாக ஊர்ந்த பிறகு உள்ளே போகும் காற்று நன்றாகச் சூடாகிவிடுகிறது, அந்தச் சூட்டில் நாக் எளிதாக வரும். ஸ்பார்க் பிளக் பீங்கானில் முன்பு இருந்த, நாக் வந்ததைக் காட்டும் பொடிப்பொடியான கரும்புள்ளிகள் புது பிளக்கில் இல்லை. அதே மேட்டில் நேற்று மூன்று முறை ஏறினேன், சுத்தமாக இழுத்தது.