புதுப்பிப்பு: பித்தளைப் புகையிலைப் பெட்டியும் பச்சைக் களிம்பும்

நாடகத்துக்காக வாங்கிய பழைய டச்சு மாதிரிப் பித்தளைப் புகையிலைப் பெட்டிக்குள் களிம்பு பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஈயம் பூசச் சொன்னீர்கள். பாலக்காட்டுச் சித்தூரில் ஈயம் பூசும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மூடியின் கீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பத்தவச்ச கீலு தம்பி, தீயில காட்டினா கழண்டுரும்" என்றார். சரிதான். பூசுகிற வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும். கீலை ஒட்டவைத்திருக்கும் காரீயம் கலந்த பற்றாசு 183-லேயே இளகத் தொடங்கும். அந்தக் காரீயம் நஞ்சு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. வாயில் போடும் எதையும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

அதனால் ஈயம் பூசாமல், உள்பக்கத்தை மட்டும் புளியால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்தினேன். இப்போது மேடையில் புகையிலைக்குப் பதில் பெட்டிக்குள் நறுக்கிய வாழைச்சருகுதான். வெளியே மெருகேற்றவில்லை, கைபட்டுக் கறுத்த நிறம்தான் அதற்கு அழகு.