நாள்முழுக்க ஓடும் பிரஷர் வாஷர்: பெல்ட்டா, நேரடி இணைப்பா?

வணக்கம். சிமென்ட் தரை, வாகன நிறுத்துமிடம் கழுவ, 20 அங்குல சர்ஃபேஸ் கிளீனரோடு (தரையில் நகர்த்திக் கழுவும், உள்ளே நாசில் சுழலும் வட்ட மூடி) 200 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 15 லிட்டர் மெஷின் பார்க்கிறேன். 250 பார், 11 லிட்டர் வேண்டாம்; பெயர்ந்த அழுக்கைத் தள்ளிப்போவது தண்ணீரின் அளவுதான்.

சிக்கல், குழாயில் 10 லிட்டர்தான் வரும். நேராகக் கொடுத்தால் பம்ப் தண்ணீர் பற்றாமல் கேவிட்டேஷனாகி (உள்ளே ஆவிக்குமிழ்கள் உருவாகி உடைந்து) வால்வு, சீல் எல்லாம் கெடும். அதனால் இடையில் தொட்டி. 200 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர் குறைந்து, விடாமல் அடித்தால் 40 நிமிடத்தில் காலி. அன்லோடரின் (கன் டிரிகரை விட்டதும் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு) பைபாஸையும் தொட்டிக்கே திருப்பினால் பம்ப் சூடேறாது.

நேரடி இணைப்பில் பம்ப் எஞ்சின் வேகத்திலேயே, சுமார் 3400 சுற்று ஓடும். பெல்ட்டில் சுமார் பாதி, அல்லது அதற்கும் கீழே. இரண்டையும் தினமும் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: சீல் எத்தனை மணி நேரம் தாங்குகிறது? தொட்டியிலிருந்து உறிஞ்ச எந்தப் பம்ப் தடுமாறாது?