பழைய லோ பட்ஜெட் பேய்ப்படம்: இன்னும் உங்களை விடாத ஒரு சீன் சொல்லுங்க

கூடல்வாசி:
'புரானா மந்திர்', 1984, இந்திப் படம். கதை வேணாம், பார்த்தவங்களுக்குத் தெரியும். சாம்ரிங்கிற பேய், அதோட வெட்டின தலை பெட்டியில, உடம்பு வேற இடத்துல. சித்தி வீட்டுல வாடகை வீடியோ டெக்கு. பெட்டியத் திறக்கப் போற நேரம் பொசுக்குனு கரண்டு போச்சு. கேசட் உள்ளயே மாட்டிக்கிச்சு. பசங்க மொத்தமும் சித்தி மேல விழுந்துட்டோம். பெரியவனானப்புறம் யூடியூப்ல பார்த்தா வெறும் மேக்கப்பு. ஆனா அன்னிக்கு இருட்டுல நானா நெனச்சுக்கிட்ட மூஞ்சி இன்னும் போகல.

நடுச்சாமம்:
அந்த ராம்சே அண்ணன் தம்பிங்க எடுத்த பேய்ப்படத்துக்கா இவ்வளவு? நடுவுல காமெடியன் ஜெகதீப் வந்து 'ஷோலே'யைக் கிண்டல் பண்ணிட்டுப் போவாரு, அப்புறம் எங்க பயம்? ரொமேரோவோட 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) பாருங்க. நிலவறையில செத்துப் பிணமா எழுந்த சின்னப் பொண்ணு அம்மாவைக் கொத்தனார் கரண்டியால குத்துற சீன். எங்க வீட்டுல பூச்சு வேலை நடந்த வாரம் பார்த்துத் தொலைச்சேன். ஹால்ல சுவத்தோரம் காஞ்ச சிமெண்ட்டோட அதே கரண்டி. தண்ணி குடிக்கப் போகல. ரத்தம் சாக்லேட் சிரப்புதான், கறுப்பு வெள்ளையில யாருக்குத் தெரியும்.

டெக்ராஜா:
எனக்கு 'ஈவில் டெட்'. காட்டுக்குள்ள எதுவோ ஓடி வரும், அது என்னன்னு காட்டவே மாட்டான். அவ்வளவுதான் என் கதை.
நடுச்சாமம் சொன்ன படத்தை தயவுசெஞ்சு கலர் பண்ண பிரிண்ட்ல பார்க்காதீங்க, அத்தனையும் கெட்டுரும். படத்தோட பேரை மாத்தினப்போ டைட்டில்ல காப்பிரைட் வாசகத்தைப் போட மறந்துட்டாங்க. அதனால கண்டவனும் காப்பி போட்டு வித்தான், பாதி பிரிண்ட் சாம்பல் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கும். 2018-ல க்ரைட்டீரியன்ங்கிற டிஸ்க் கம்பெனி விட்ட பிரிண்ட்டைத் தேடுங்க. ஹெட்போன் போடுங்க. சாப்பிட்டுக்கிட்டே பார்க்காதீங்க. 'ஈவில் டெட்' பார்க்கும்போது அந்த ஓட்டத்தைக் கவனிங்க: கேமராவைப் பலகையில மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. ட்ராலிக்குக் காசு இல்ல. காசு இருந்திருந்தா வழுக்கிக்கிட்டுப் போயிருக்கும், பயமே வந்திருக்காது. ராம்சேயும் அப்படித்தான், அண்ணன் தம்பிங்களே டைரக்‌ஷன், கேமரா எல்லாம்.

கூடல்வாசி:
ராஜாண்ணே, சீன் கேட்டா பாடம் எடுக்குறீங்க. நடுச்சாமம், ஜெகதீப் டிராக்கு ஓடுறப்போ நாங்களும் சிரிச்சோம்தான். சிரிச்சு அசந்த நேரத்துலதான்யா பெட்டி வரும்.